முப்பத்தொன்பது கிராம் விளக்கு

ஜூன் 1, சனி

என் மகள் தன்விகாவைப் பார்க்க நீதிமன்றம் எனக்கு அனுமதித்திருப்பது வாரத்துக்கு மூன்று மணி நேரம். சனிக்கிழமை காலை பத்து முதல் ஒன்று வரை, குடும்ப நீதிமன்ற வளாகத்தில் உள்ள குழந்தைகள் அறையில். இன்று பதினொரு நிமிடம் தாமதமாக அழைத்து வந்தார்கள். ஆட்சேபிக்கவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

அவள் ‘அண்டர்வெல்’ என்ற விளையாட்டை எனக்கு விளக்கினாள். நீரில் மூழ்கிய ஒரு நகரத்துக்குள் ஒரு சிறுமி இறங்கிப் போகிறாள். அவள் கையில் ஒரு குட்டி விளக்கு, பெயர் டூமி. விளையாடுகிறவர் பேசினால்தான் டூமி எரியும். பேச்சு நின்றால் மங்கும். முழுதும் அணைந்தால் ஆட்டம் முடிந்தது.

“அப்பா, நீ வக்கீல்தானே. உனக்கு ஏதாச்சும் செய்யத் தெரியுமா?”

“மனு செய்வேன்.”

“அது பேப்பருப்பா. கையில புடிக்கற மாதிரி.”

பிறந்தநாளுக்கு டூமி வேண்டுமாம். கடையில் விற்பது பேசினால் எரியாத வெறும் பொம்மையாம். முயற்சி செய்கிறேன் என்றேன்.

“நீ முயற்சின்னா இல்லைன்னு அர்த்தமாம். அம்மா சொல்லுச்சு.”

பிறந்தநாள் ஜூலை 13. அதுவும் சனிக்கிழமை. ஆறு வாரங்கள் உள்ளன.

ஜூன் 3, திங்கள்

தன்விகாவின் அம்மா கோகிலவாணியின் மனு நகல் கிடைத்தது. மனுதாரருக்கு வங்கியில் பதவி உயர்வு, புனேவுக்கு மாற்றல். மகளையும் உடன் அழைத்துச் செல்வதால் சனிக்கிழமைச் சந்திப்புகளை ரத்து செய்து, பள்ளி விடுமுறைகளில் ஆண்டுக்கு இரண்டு முறை என மாற்றக் கோருகிறார். ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு சந்திப்புகள், இரண்டாகும். சிறுமிக்குப் பன்னிரண்டு வயது நிறைவதால் அவளைத் தம் அறையில் தனியே கேட்டறிந்த பிறகே முடிவு செய்வதாக நீதிபதி கூறியிருக்கிறார்.

ஆக, எல்லாம் அவள் சொல்லப்போகும் சில வாக்கியங்களைப் பொறுத்தது. சாட்சியைத் தயார் செய்வது முறையன்று என்பதை அறிவேன். ஒரு தந்தை பிறந்தநாள் பரிசு செய்வதற்கு எந்தச் சட்டத்திலும் தடையில்லை.

ஜூன் 6, வியாழன்

காந்திபுரத்தில் ஜெயசீலன் என்பவரின் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குச் சென்றேன். இரண்டு ஆள் அகலமுள்ள கடை. என் வழக்கறிஞர் அங்கியைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

“ஏனுங்க, கேஸ் ஏதாவதுங்களா?”

பொம்மை விளக்கு என்றதும் உட்கார்ந்துவிட்டார். ஐந்து ரூபாய் நாணயம் அளவே உள்ள ஒரு போர்டு, நிறம் மாறும் எல்இடி நான்கு, கடுகு போன்ற ஒரு மைக், சிறு லித்தியம் பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யும் தகடு ஆகியவற்றை எடுத்து வைத்தார். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பைப் பிடிக்கும் விதத்தையும் காட்டினார்.

“பேனா மாதிரி புடிங்க வக்கீலய்யா. ஆனா கையெழுத்துப் போடற அவசரம் ஆகாதுங்க. சூடு ஏறட்டும், ஈயம் தானா ஓடி வரும்.”

ஜூன் 8, சனி

அளவு எடுத்தேன். தன்விகாவின் உள்ளங்கையில் மூடி மறைய வேண்டும் என்பது அவள் நிபந்தனை. உயரம் ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

பேச்சுவாக்கில், “வீட்ல டூமி வெளையாடவே முடியாதுப்பா. நான் பேசுனா பிரகதீஷ் மாமா சத்தம் போடும்” என்றாள். பிரகதீஷ் கோகிலவாணியின் தம்பி. அவர்களுடன் ஒரே வீட்டில் இருப்பவர். எப்படிச் சத்தம் போடுவார், என்ன சொல்லுவார், அப்போது அம்மா எங்கே இருப்பாள் என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்டேன்.

“நீ கேக்கறப்போ நான் ஏதோ தப்புப் பண்ணுன மாதிரி இருக்குது” என்றாள்.

நான்காவது கேள்வியைக் கேட்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஜெயசீலன் கடையில் மேலும் ஒரு சிறு பாகம் வாங்கினேன். மெமரி கார்டு செருகுவதற்கானது. எதிர்காலத் தேவைக்கு இருக்கட்டும் என்று வாங்கினேன்.

“வெளக்குக்கு இது எதுக்குங்க?” என்றார்.

“இருக்கட்டும்” என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கடைக்காரருக்கு இருக்க வேண்டிய நல்ல குணம் அது.

ஜூன் 14, வெள்ளி

ஆட்காட்டி விரலில் தீக்காயம். நீதிமன்றத்தில் கையெழுத்திடும்போது எரிந்தது. அடுப்பில் வைத்த பாலும் இன்று பொங்கி வழிந்தது; சால்டரிங் புகையும் பால் தீய்ந்த வாடையும் சேர்ந்ததில் மேல்வீட்டு அம்மா கதவைத் தட்டி, “ஏதாவது வயர் எரியுதுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எரிந்தது வயர் அன்று. மூன்றாவது எல்இடி.

ஜூன் 20, வியாழன்

பீளமேட்டில் முப்பரிமாண அச்சு செய்யும் இடத்தில் விளக்கின் கூடு தயாராயிற்று. ஐந்து தூண்கள், கூம்புத் தொப்பி, மேலே சங்கிலி கோக்க வளையம். அடிப்பாகத்தில் பதினைந்து மில்லிமீட்டருக்கு ஒரு குழிவு விடும்படி வரைபடத்திலேயே குறித்திருந்தேன். விட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பதில் ரெசின் என்ற தெளிந்த பிசினை ஊற்றினேன். ஒரு காற்றுக் குமிழி உள்ளே சிக்கிக்கொண்டது. பிழைதான் என்றாலும் அந்தக் குமிழி இருக்கும் இடத்தில் நீலம் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. விட்டுவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

எல்லாப் பாகங்களையும் பொருத்தி என் அலுவலக அறையில் சோதித்தேன். கால அளவு நாற்பது நிமிடம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தபோதும் மூன்று மீட்டர் தொலைவில் பேசிய கட்சிக்காரரின் குரல் சொல் சொல்லாகத் தெளிவாக உள்ளது. சோதனையின் நோக்கம் மைக்கின் திறனை அறிவது.

மொத்த எடை 41 கிராம்.

ஜூன் 29, சனி

செய்து முடித்தவரை கைப்பேசியில் படம் காட்டினேன். தன்விகா படத்தைப் பெரிதாக்கிக் குமிழியைக் கண்டுபிடித்துவிட்டாள். “அது டூமியோட தொப்புள்” என்றாள்.

பிறகு, “கேம்ல நான் வாயில வர்றதப் பேசிட்டே போவேன்பா. எல்லாமே. ஸ்கூல்ல நடந்தது, அம்மா அழுவறது, உன்னையப் பத்திக்கூட. வேற யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். டூமி யாருகிட்டயும் போயிச் சொல்லாதில்ல” என்றாள்.

கோகிலவாணி அழுவது பற்றி மேலும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

விளக்கைப் பிரித்து மீண்டும் பூட்டினேன். ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் செப்புப் பின்னல் தீர்ந்துவிட்டது; நாளை வாங்க வேண்டும்.

எடை 39 கிராம்.

ஜூலை 4, வியாழன்

விளக்கு எந்த ஓசைக்கும் எரிகிறது. வாசலில் லாரி போனால் எரிகிறது. குக்கர் விசில் அடித்தால் எரிகிறது. அவள் குரலுக்கு மட்டும் எரிந்தால்தான் டூமி. அவள் எனக்கு அனுப்பிய ஒரே குரல் செய்தி ஒன்பது விநாடி நீளம்: “அப்பா, சனிக்கிழம வர்றப்போ நேந்திரம் சிப்ஸ் வாங்கிட்டு வா, மொளகாப்பொடி போடாதது.” அதை வைத்து அவள் குரலின் சுருதியை அளந்து, அந்த எல்லைக்குள் வரும் ஒலிக்கு மட்டும் எரியும்படி நிரலில் ஜெயசீலன் திருத்தித் தந்தார். இன்று மாலைவரை அந்த ஒன்பது விநாடியை எத்தனை முறை ஓட்டினோம் என்று எண்ணவில்லை. கடையில் வேலை செய்யும் பெண் கடைசியில் எழுந்து போய் நேந்திரம் சிப்ஸ் வாங்கி வந்து வைத்துவிட்டார்.

“உங்க குரலுக்கு எரியாதுங்க. கனத்த குரலு. பரவாயில்லீங்களா?” என்றார் ஜெயசீலன்.

“எனக்கு எரிய வேண்டியதில்லை” என்றேன்.

தாயின் குரல் அந்த எல்லைக்கு அருகில் இருப்பதால் அவளுக்கும் எரியக்கூடும். தவிர்க்க இயலவில்லை.

ஜூலை 6, சனி

அழைத்து வரவில்லை. காய்ச்சல் என்று தகவல். மருத்துவச் சான்று இல்லை.

ஜூலை 10, புதன்

மைக் உள்ள ஒரு பொருள், வழக்கு நிலுவையில் இருக்கும்போது எதிர்த்தரப்பின் வீட்டுக்குள் போகிறது. நாளை எவரும் குற்றம் சொல்ல இடம் தரக்கூடாது. ஆகவே விளக்குடன் ஒரு பிரமாண வாக்குமூலமும் இணைப்பதென முடிவு செய்தேன். நோட்டரி மரகதவல்லி என்னுடன் தொழிலுக்கு வந்தவர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏனுங்க சென்னியப்பன், பொம்மைக்கு அபிடவிட்டா? பலூனுக்கும் சேர்த்து ஒண்ணு எழுதிட்டு வர்றதுதானே.”

“முன்னெச்சரிக்கை.”

“சரி. ‘இன்றைய தேதியில் இவ்விளக்கில் ஒலியைப் பதிவு செய்யும் வசதி ஏதும் இல்லை.’ எதுக்குங்க ‘இன்றைய தேதியில்’? ‘இல்லை’ன்னு போட்டாப் பத்தாதா?”

“துல்லியமா இருக்கணும்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு முத்திரை வைத்தார். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? பிள்ளைக்குக் குடுக்கறத வெறுங்கையில குடுங்க. காயிதத்தோட குடுக்காதீங்க.”

தொழில்முறை ஆலோசனையாக அதை ஏற்க இயலாது.

ஜூலை 13, சனி

இன்றைய நாளை நடந்தபடி எழுதுகிறேன்.

தன்விகா பெட்டியைத் திறந்தாள். விளக்கு இருட்டாக இருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். மூடியது, அளவு சரி. பிறகு கையை வாயருகே கொண்டுபோய், “டூமி?” என்றாள்.

விரல் இடுக்குகளில் நீலம் வந்தது.

அவள் பேச்சை நிறுத்தினாள். மங்கியது. “டேய் டூமி, அணையாத.” மீண்டும் வந்தது. அதன் பிறகு நாற்பது நிமிடம் அவள் வாய் ஓயவில்லை. கணக்கு டீச்சரின் கொண்டை, பேருந்தில் வாந்தி எடுத்த பெண், புனேயில் கடல் உண்டா இல்லையா என எல்லாவற்றையும் டூமியிடம் சொன்னாள். நான் எதிரில் இருந்தேன், கேட்டேன். நடுவில் ஒருமுறை என் கையில் கொடுத்து, “நீ பேசுப்பா” என்றாள். “தன்விகா” என்றேன். எரியவில்லை.

“உன்னைய அதுக்குப் புடிக்கல” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒரு மணிக்குக் கோகிலவாணி வந்தாள். விளக்கைப் பார்த்து, “நீங்களா செஞ்சீங்க?” என்றாள். அந்தத் தொனியை நான் ஆறு ஆண்டுகளாகக் கேட்டதில்லை. விளக்கும் லேசாக எரிந்தது. அப்போதே விடைபெற்றிருக்கலாம். நான் வாக்குமூலத்தை எடுத்து நீட்டி, பெற்றுக்கொண்டதற்கு நகலில் ஒரு கையொப்பம் கேட்டேன்.

நின்றபடியே இரண்டு முறை வாசித்தாள்.

“பதிவு பண்ற வசதி இல்லைன்னு நான் கேக்கவே இல்லையே.”

கையொப்பம் இடவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு மனு தாக்கல் செய்துள்ளார். சிறுமியின் படுக்கை அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்கப்பட்டுள்ளதாகச் சந்தேகமாம். ஆதாரம்: என் வாக்குமூலம்.

ஜூலை 18, வியாழன்

விசாரணை. எதிர் வழக்கறிஞர் என் வாக்கியத்தை நீதிமன்றத்தில் உரக்க வாசித்து, ‘இன்றைய தேதியில்’ என்ற இடத்தில் நிறுத்தினார். “அதற்கு முந்தைய தேதிகளில் என்ன நிலைமை, கனம் நீதிபதி அவர்களே? எதிர்மனுதாரர் இருபது ஆண்டுகள் அனுபவமுள்ள வழக்கறிஞர். ஒரு சொல்லைக்கூட வீணாகப் போடமாட்டார்.”

என் தொழில் வாழ்வில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாராட்டு அது.

விளக்கை ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியரிடம் ஒப்படைத்து அறிக்கை பெற உத்தரவாயிற்று. நான் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்திருந்தால் அதுவும் ஓர் ஆதாரமாகியிருக்கும்.

ஜூலை 20, சனி

“டூமிய ஒரு கவர்ல போட்டு அரக்கு வெச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா. நான் பேசிட்டே பின்னால போனேன். கவருக்குள்ள எரிஞ்சுது” என்றாள். பிறகு, “நீ சும்மா ஒரு காயிதம் குடுத்தியாம். அதனாலதானாம். ஏன்பா?” என்றாள்.

உன் பாதுகாப்புக்காக என்றேன். யாரிடமிருந்து என்று அவள் கேட்டாள்.

ஜூலை 27, சனி

வந்தாள். அதிகம் பேசவில்லை. அறிக்கை எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள். எந்தத் தவறும் இல்லை என்று வரும், கவலை வேண்டாம் என்றேன். “பிராமிஸா?” என்றாள். தலையசைத்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அறிக்கை வந்தது. மூன்று பக்கம். தேவையான பகுதியை அப்படியே எடுத்தெழுதுகிறேன்:

‘கருவியில் தற்போது ஒலிப்பதிவு வசதி எதுவும் இல்லை. ஆயினும் போர்டின் பின்புறம் ஆறு புள்ளிகளில் ஈயம் வைத்துப் பின்னர் நீக்கப்பட்ட தடம் காணப்படுகிறது. கூட்டின் அடிப்பாகத்தில் பதினைந்து மில்லிமீட்டர் குழிவு ஒன்று காலியாக உள்ளது. இவ்விரண்டும் மெமரி கார்டு செருகும் பாகத்தின் அளவுக்குப் பொருந்துகின்றன.’

முதல் வாக்கியம் எனக்குச் சாதகமானது. முழுமையாகச் சாதகமானது. இதைக் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

தன்விகா சரியாகப் பத்து மணிக்கு வந்தாள். சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். மிளகாய்ப்பொடி போடாதது.

“அதுல ரெக்கார்டு பண்றது வெச்சிருந்தீங்களா?” என்றாள்.

“யாரு சொன்னாங்க?”

“மாமா போன்ல பேசுனாரு. வெச்சிருந்தீங்களா?”

“இப்போ அதுல எதுவும் இல்ல கண்ணு. ரிப்போர்ட்லயே தெளிவா இருக்குது.”

“நான் இப்போன்னு கேக்கல.”

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டியது என் கடமை. நான் சொன்னது: “வெச்சாங்கன்னு ரிப்போர்ட்ல எங்கயும் இல்ல. பொருந்துதுன்னுதான் இருக்குது. ரெண்டும் வேற வேற.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பல சாட்சிகளை இப்படிப் பார்த்திருக்கிறேன். இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று உட்காரும் முன் பார்க்கும் பார்வை அது.

“நான் உங்களையப் பத்தியும் டூமிகிட்ட நெறையச் சொல்லலாம்னு இருந்தேன்” என்றாள். “நல்லதாத்தான்.”

சிப்ஸ் பொட்டலத்தின் வாயை மடித்து என் பக்கம் நகர்த்தினாள். அதிலிருந்து ஒன்றுகூட எடுத்திருக்கவில்லை. நேரம் பத்து ஐம்பது. ஒரு மணி வரை கைப்பேசியில் அதே விளையாட்டை ஆடினாள், ஒரு வார்த்தையும் பேசாமல். திரையில் சிறுமி இருட்டில் இறங்குவாள், விளக்கு அணையும், ஆட்டம் முடியும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

ஆகஸ்ட் 7, புதன்

நீதிபதி தன்விகாவைத் தம் அறையில் பதினெட்டு நிமிடம் கேட்டறிந்தார். வெளியே பெஞ்சின் ஒரு முனையில் நானும் மறுமுனையில் கோகிலவாணியும் இருந்தோம்.

“பாப்பாகிட்ட உண்மையச் சொல்லியிருந்தா அது உங்க பக்கம்தாங்க நின்னிருக்கும்” என்றாள் அவள், என்னைப் பாராமல். “எத்தன தடவ சொல்லிருக்கேன். உங்ககிட்ட எதக் கேட்டாலும் பதிலு வரும். விஷயம் வராது.”



ஆகஸ்ட் 9, வெள்ளி

உத்தரவு. பக்கம் 4, பத்தி 11: ‘சிறுமி தன் தந்தையின் மீது அன்பு உண்டு என்றும், ஆனால் அவருடன் இருக்கும்போது என்ன பேசலாம் என்று தெரியவில்லை என்றும் கூறினார்.’ சந்திப்பு ஆண்டுக்கு இரண்டு முறை. முதலாவது தீபாவளி விடுமுறையில்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு. காரணங்களை எழுத உட்கார்ந்தேன். பத்தி 11-இல் பிழை எதுவும் தென்படவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

நீதிமன்ற அலுவலகத்தில் விளக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கையொப்பமிட்டேன். ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒன்பது துண்டுகள். கூட்டை அறுத்துத் திறந்திருக்கிறார்கள். ரெசின் மட்டும் முழுதாக உள்ளது. குமிழி அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 17, சனி

காலை பத்து மணி. போவதற்கு இடம் இல்லை.

மூன்று நாளாக ஒட்டிய விளக்கு காய்ந்துவிட்டது. அடிப்பாகத்தின் குழிவை ரெசினால் அடைத்துவிட்டேன். பேட்டரி முழுதும் ஏறியிருக்கிறது. கைப்பேசியை எடுத்து, அந்த ஒன்பது விநாடிக் குரலை ஓட்டினேன். ‘அப்பா’ என்ற சொல்லிலேயே நீலம் வந்தது, ‘போடாதது’ வரை நின்றது, பிறகு மங்கியது.

விளக்கை உள்ளங்கையில் வைத்து வாயருகே கொண்டுபோனேன். ஆகஸ்ட் 3 அன்று, பத்து ஐம்பதுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

“ஆமா கண்ணு. வெச்சேன். நீங்க வீட்ல பேசறதக் கேக்கணும்னுதான் வெச்சேன். நீ டூமிகிட்ட மட்டுந்தான் பேசுவேன்னு சொன்ன மறுநாளு எடுத்துட்டேன்.”

மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை சற்று உரக்க.

எரியவில்லை. கருவியில் பழுது ஏதும் இல்லை.